தணிகைக்கு நேர்ந்துகொண்ட மடி

நகரி,
விகாரி வருஷம், மாசி மாதம்.

சிரஞ்சீவி முனிகிருஷ்ணனுக்கு நைனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கோட்டயத்தில் உன்னை எல்லோரும் அச்சன் என்று கூப்பிடுகிறார்களாம், அச்சன் என்றால் அப்பனாம். பெற்றவன் நான் பழைய பேரைத்தான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே. நானும் உன் அம்மாவும் கைகால் சுகமாய் இருக்கிறோம், மனசுதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. உன் சுகத்துக்கும் தணிகை முருகனையே வேண்டுகிறேன், எனக்குத் தெரிந்த சாமி அவர்தான்.

விஷயம் உன் தங்கை மகன் சந்திரனுடைய மொட்டை. நான்கு வயசாகியும் தலையில் கத்தி படவில்லை, முடி முதுகில் தொங்குகிறது. திருச்சானூரில் தெருப்பிள்ளைகள் பாப்பா என்று கூப்பிட்டால் கல்லை எடுத்துக்கொண்டு துரத்துகிறானாம். போன வாரம் அவள் மாமியார் இந்திராணியம்மா இங்கேயே வந்துவிட்டாள். எத்தினி நாளு காத்துக்கினு இருக்கிறது, திருமலையிலயே மொட்டை போட்டுடலாம், தாய்மாமன் மடிக்கு உங்க அண்ணன் மகன் நாகேந்திரன் இருக்கான் இல்ல, உங்க பாதிரிப் பிள்ளைக்கு நம்ம சாமி ஆவுமா என்று முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோயில் காரியத்தில் உட்கார எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் முறை இல்லை நைனா என்று நீயே எழுதியிருந்தாயே.

உன் தங்கை அலர்மேல்மங்கை சும்மா இருக்கவில்லை. பர்மா சண்டையில் உனக்குத் தொடையில் குண்டு பட்டு, காலை எடுக்க வேண்டிவரும் என்று கடுதாசி வந்தபோது அவள் பாவாடை கட்டின சிறுமி. அண்ணன் கால் தங்கினால் என் தலைப்பிள்ளையை அந்த மடியில் உட்கார வைத்து முடி இறக்குகிறேன் என்று தணிகைக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தவள். மாமியார் எதிரிலேயே, எனக்கு எங்கண்ணன் மடிதான் வேணும், அதுமேல வேட்டி இருந்தா இன்னா, அங்கி இருந்தா இன்னா, கால் அதே கால்தானே என்று சொல்லிவிட்டாள். இந்திராணியம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பங்குனிக் கிருத்திகை வரைக்கும் பார்ப்பாளாம், அப்புறம் பிள்ளையைத் திருமலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். மங்கை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலண்டை உட்கார்ந்து ஜபம் பண்ணின கோட்டயத்துக் குரு காப்பாற்றினார், அதனால்தான் அவர் வழியில் போனேன் என்கிறாய் நீ. முருகன் என்கிறாள் அவள். அண்ணனும் தங்கையும் பிற்பாடு சாவகாசமாகச் சண்டை போடுங்கள். கால் நின்றது, எனக்கு அது போதும்.

இதற்கு நடுவில் ஏப்ரல் முதல் திருத்தணி மதராஸுக்குப் போகிறது, நாம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். இனிமேல் தணிகைக்குப் போக தாசில்தாரிடம் சீட்டு வாங்கணும் என்று சந்தையில் எவனோ சொல்ல, உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இப்பவே முடிக்கணும் என்று என்னை அரிக்கிறாள். பைத்தியமே, பஸ் எப்போதும்போலப் போகும் என்று அதட்டினேன். அதட்டிவிட்டு நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்டக்டரைக் கேட்டேன், அவன் சிரித்தான்.

அந்தச் சூட்டிலேயே பஸ் ஏறி திருத்தணிக்குப் போய்ப் பார்த்து வந்தேன். முடி இறக்குவது மலைமேல் இல்லை, அடிவாரத்தில் குளக்கரையில். நாவிதர் நாகபூஷணத்திடம் பேசிவிட்டேன். அங்கே பூசை கிடையாது, வெறும் படிக்கட்டு. நீ அங்கியோடே வந்து உட்கார், உன் சாமியையே நினைத்துக்கொள், எவன் கேட்கப்போகிறான்? உனக்கு அது நோன்புக் காலம் என்று தெரியும், அம்மாவுக்கும் கிருத்திகை உபவாசம்தான், கறி மீன் வாசனை இருக்காது. முடி விழுந்தால் அங்கி பாழாகாமல் மடியில் விரிக்க உன் பழைய வேட்டியைத் துவைத்து வைத்திருக்கிறாள். பிள்ளை கத்தியைக் கண்டால் துள்ளுவான், அந்தக் கால் தாங்குமா என்று மட்டும் மறக்காமல் எழுது. பனியில் வலித்தால் நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்.

மொட்டை முடிந்ததும் அவர்கள் மலை ஏறட்டும். நீ கீழே இரு. நானும் உன்னோடு கீழேயே உட்காருகிறேன், முட்டி வலி, படி ஏற முடியாது என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். தணிகைக்குப் போய் முருகனைப் பார்க்காமல் நான் திரும்பினதே இல்லை. அவர் பேரைத்தானே வைத்திருக்கிறேன், ஒரு தரம் பொறுத்துக்கொள்வார்.

எந்தச் சாமி கேட்டாலும் சரி, நீ நூறு வயசு இருக்கவேண்டும். கிருத்திகைக்கு முந்தின நாளே வந்துவிடு.

வழி பார்த்திருக்கும் உன் நைனா
தணிகாசலம்