நீங்கள் வரும் நாளில் மட்டும் இறுகும் பட்டை

ஆலங்குடி,
12-2-1962

மதிப்பிற்குரிய மெக்கானிக் சந்தனராஜ் அவர்களுக்கு,

ஆலங்குடி முந்திரிக் கம்பெனியின் பெட்டி அறையிலிருந்து வியாகுலமேரி எழுதுகிறேன். இங்கு நாங்கள் நலம். தாங்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். போன மாதம் தாங்கள் மெட்ராசிலிருந்து வந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போன பட்டை மெஷின் மட்டும் நலமாக இல்லை.

தாங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான் செய்கிறோம். பெட்டியைச் சுற்றி இரும்புப் பட்டையைப் போட்டு, நுனியைப் பல்சக்கரத்தில் கொடுத்து, கைப்பிடியை இழுக்கிறோம். தாங்கள் இழுத்தபோது பட்டையைச் சுண்டினால் டங்கென்றது. நாங்கள் இழுத்தால் சக்கரம் பாதியிலேயே வழுக்குகிறது. எப்படியோ இறுக்கி, தகரக் கிளிப்பை நெரித்து அனுப்பினால், கொச்சித் துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் பட்டை தொளதொளத்து, பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதாம். முதல் லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

முதலாளி நேற்று பெட்டி அறைக்கே வந்து, "இன்னொரு தடவை லோடு திரும்புச்சு, மெஷினையும் அனுப்பிருவேன், ஒன்னையும் அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அனுப்பினால் மெஷின் மெட்ராசுக்குப் போகும். நான் எங்கே போவது? ஆவூரில் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். அவருக்கு மருந்தும் கஞ்சியும் இந்தப் பெட்டி அறையிலிருந்துதான் போகிறது.

தயவுசெய்து ஒரு நடை வந்து பார்க்கவும்.

இப்படிக்கு,
வியாகுலமேரி,
பெட்டி அறைப் பொறுப்பு


மெட்ராஸ்,
24-2-1962

அன்புள்ள வியாகுலமேரி அவர்களுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். வியாழக்கிழமை நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். நானும் இழுத்தேன், நீங்களும் இழுத்தீர்கள், உங்களோடு வேலை செய்யும் மூக்காயியும் இழுத்தாள். சாயங்காலம் வரை ஒரு பட்டைகூட வழுக்கவில்லை. ரயிலில் வரும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் புரியவில்லை.

ஒருவேளை சக்கரத்தின் பல்லிடுக்கில் இரும்புத் தூள் அடைந்து, நான் வந்த அன்று தானாக உதிர்ந்திருக்கலாம். தினமும் காலையில் கம்பி பிரஷால் பல்லைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் அச்சுக்கு மட்டும்தான். பல்லில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. எண்ணெய் பட்டால் சக்கரம் பட்டையைக் கவ்வாது.

நீங்கள் எடுத்து வந்து கொடுத்த மீன் குழம்பைப் பற்றி எழுதாமல் விட்டால் பாவம். என் அம்மாவும் உங்கள் பக்கம்தான், குளத்தூர்க்காரி. இந்த ஊர் ஓட்டல்களில் அந்தப் புளிப்பு கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
சந்தனராஜ்


ஆலங்குடி,
19-3-1962

மதிப்பிற்குரிய சந்தனராஜ் அவர்களுக்கு,

தாங்கள் இரண்டாம் தடவை வந்து பார்த்து, இந்த முறையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பஸ் ஏறினீர்கள். மறுநாள் மத்தியானம் முதல் பெட்டியிலேயே வழுக்கியது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளையைப் போல இந்த மெஷின் தங்களைக் கண்டால் மட்டும் ஒழுங்காக இருக்கிறது.

கம்பி பிரஷால் தேய்க்கிறேன். எண்ணெய்க் குப்பியை மூக்காயி கையில்கூடக் கொடுப்பதில்லை, அச்சுக்கு நானேதான் விடுகிறேன். தெய்வம் சாட்சியாகப் பல்லில் ஒரு சொட்டு விடவில்லை. வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மூக்காயி ஒரு யோசனை சொன்னாள். "மேரியக்கா, அந்த சாரு வந்தாத்தான் இது அடங்குது. பேசாம அவரு சட்டை ஒண்ண வாங்கி மெஷினு மேல போட்டு வைப்போம்" என்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் மறைவாகப் போய் அழுதேன்.

ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு தடவை வாருங்கள்.

வியாகுலமேரி


மெட்ராஸ்,
2-4-1962

வியாகுலமேரி அவர்களுக்கு,

மூன்றாம் முறையும் வந்தேன். மூன்றாம் முறையும் மெஷின் வெண்ணெயாக வேலை செய்தது. கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்து, ஒரு குறையும் காணாமல் திரும்பினேன். இங்கே எங்கள் மேனேஜர் எல்லோருக்கும் முன்னால், "ஆலங்குடியில மெஷின் ரிப்பேரா, இல்ல உனக்குப் பொண்ணு பாக்குறாங்களா?" என்று கேட்டார்.

நானும் வெளிப்படையாகவே கேட்கிறேன். நன்றாக ஓடும் மெஷினைக் கெட்டுப்போனதாக எழுதி என்னை வரவழைப்பதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? என்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி எழுதுகிறீர்கள் என்றால், இது அதற்கான வழி அல்ல. என் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். இனி எழுதினாலும் நான் வரமாட்டேன்.

சந்தனராஜ்


ஆலங்குடி,
7-4-1962

மதிப்பிற்குரிய ஐயா,

கம்பெனிக்கு வரும் கடிதங்களை எங்கள் கணக்கர் ஆத்மநாதன் உடைத்து, முதலாளிக்கு உரக்க வாசித்துக் காட்டுவது இங்கே வழக்கம். என் பெயருக்கு வந்தாலும் அப்படித்தான். தாங்கள் எழுதியதையும் அப்படியே வாசித்தார். நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதான், பெட்டி அறை முழுக்கக் கேட்டது. வாசித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் ஆணி அடிக்கவில்லை.

மெஷின் வழுக்குகிறது. நான் எழுதியது அத்தனையும் நிஜம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு அப்பாவைப் பார்க்க ஆவூர் போகிறேன். "போயிட்டு அங்கேயே இரு, கூப்பிட்டா வா" என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

வியாகுலமேரி


ஆலங்குடி, தபாலாபீஸ் வாசல்,
18-4-1962

அன்புள்ள மேரிக்கு,

இதை ஆவூருக்கு, உங்கள் அப்பா பெயரைப் போட்டு எழுதுகிறேன். முகவரி மூக்காயி சொன்னது.

உங்கள் கடிதம் படித்தேன். லீவு போட்டுவிட்டு, யாருக்கும் எழுதாமல் நேற்று இங்கே வந்தேன். நான் பெட்டி அறைக்குள் நுழைந்தபோது மூக்காயி பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். என் கண் முன்னாலேயே சக்கரம் வழுக்கியது. மேரி, எனக்குச் சந்தோஷமாக இருந்ததா, வெட்கமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பிசுக்கு. மோந்து பார்த்தால் விளக்கெண்ணெய். "இது எங்கிருந்து வந்தது?" என்றேன். மூக்காயி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "காலையில கொட்டை ஒடைக்கையில தோலுப்பாலு பட்டா கையி வெந்துபோகும் சார். அதுக்கு வெளக்கெண்ணெய் பூசிக்கிறுவோம். மத்தியானத்துக்கு மேல பெட்டி அறைக்கு இங்கிட்டு வந்துருவோம்" என்றாள். கை கழுவுவதில்லையா என்று கேட்டேன். "பருப்பத் தொடுறவுகதான் கழுவணும். பருப்பத்தான் டின்னுல போட்டு ஈயம் வச்சு மூடியாச்சே. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும், மெட்ராசுக்காரரு வர்றாரு, சீயக்காய் போட்டுக் கழுவுங்கடின்னு மேரியக்கா வெரட்டும். அதுவும் அன்னிக்குக் கனகாம்பரம் வச்சுக்கிட்டு வரும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சீயக்காய் போட்டுக் கழுவச் சொன்னேன். பட்டையையும் சக்கரத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவைத்தேன். அதற்கப்புறம் ஒன்றுகூட வழுக்கவில்லை. கிளிப்பும் எண்ணெய்ப் பட்டையில் நிற்காமல் ரயில் குலுக்கலில் நழுவியிருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு. நீங்கள் ஒரு வார்த்தை கூட்டி எழுதவில்லை. நான்தான் மெஷினை நம்பினேன், உங்களை நம்பவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

ஒன்று கேட்கலாமா? ஆவூர் வந்து உங்கள் அப்பாவைப் பார்க்கலாமா?

சந்தனராஜ்


ஆவூர்,
26-4-1962

அன்புள்ள சந்தனராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மெஷின் பகுதியை மட்டும்தான். "வெளக்கெண்ணெய்யா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகிறது.

எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. நீங்கள் வரும் நாளில் நான் ஏன் எல்லோரையும் கை கழுவ விரட்டினேன்? வெளியூர்க்காரருக்கு மரியாதை என்றுதான் அப்போது நினைத்தேன். கனகாம்பரம் வைத்துக்கொண்டதும் உண்மைதான். அது எந்த மரியாதையில் சேரும் என்று இத்தனை நாளாக யோசித்தும் தெரியவில்லை. ஆனால் பூ வைத்தது வேறு, மெஷினைப் பற்றி எழுதியது வேறு. நான் ஒன்றுக்காக இன்னொன்றை எழுதவில்லை. இதை நீங்கள் நம்பினால் போதாது. அங்கே யாரும் நம்பவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்த அன்று நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோபத்தைக் கம்பெனிக்கு எழுதினீர்கள். அது உரக்க வாசிக்கப்பட்டது. மன்னிப்பை என் வீட்டுக்கு எழுதுகிறீர்கள், அதை நானும் படுத்திருக்கும் அப்பாவும்தான் கேட்கிறோம். இது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டீர்கள். வர வேண்டாம் என்று என்னால் எழுத முடியவில்லை. வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை. முதலில் எழுத வேண்டிய இடத்துக்கு எழுதுங்கள்.

மேரி


மெட்ராஸ்,
30-4-1962

ஆலங்குடி முந்திரிக் கம்பெனி முதலாளி அவர்களுக்கும், பெட்டி அறையில் உள்ள எல்லோருக்கும்,

கணக்கர் ஆத்மநாதன் அவர்கள் இந்தக் கடிதத்தை வழக்கம்போல உரக்க வாசிக்க வேண்டுகிறேன். ஆணி அடிக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளவும்.

பட்டை மெஷினில் கோளாறு இருப்பதாக வியாகுலமேரி எழுதியது முழுக்க உண்மை. கையில் பூசும் விளக்கெண்ணெய் பட்டையில் ஏறி வழுக்கியிருக்கிறது. மூன்று முறை வந்தும் மெக்கானிக்கான எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியாததைப் பொய் என்று எழுதினேன். அவர் என்னை வரவழைக்கப் பொய் சொன்னார் என்று ஏப்ரல் 2-ஆம் தேதி நான் எழுதியது தவறு. அந்தக் கடிதத்தைக் கேட்ட காதுகள் எல்லாம் இதையும் கேட்க வேண்டும். இதன் நகலை எங்கள் மேனேஜர் மேசையிலும் வைத்திருக்கிறேன்.

முதலாளி அவர்கள் தயவுசெய்து அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். இனி நான் வந்தாலும் வராவிட்டாலும், பட்டையைத் தொடுமுன் சீயக்காய் போட்டுக் கை கழுவவும்.

வாசித்து முடித்ததும் இதை ஃபைலில் குத்த வேண்டாம். அவர் வேலைக்கு வந்ததும் அவர் கையில் கொடுத்துவிடவும். எல்லோரும் கேட்கட்டும் என்றாலும், இது அவருக்கு எழுதியது.

இப்படிக்கு,
சந்தனராஜ், மெக்கானிக்