மூன்றே நாளில் முக்காலமும்

மார்ச் 9, திங்கள்

மாசியே முடியவில்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாம்பழச்சாலையில் பஸ் நின்றது நின்றதுதான். பக்கத்து சீட் அம்மாள் போனில், “வந்துட்டேன், சத்திரத்துல இறங்கிட்டேன்” என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள். காவிரிப் பாலமே இன்னும் தாண்டவில்லை. வீட்டில் மோட்டார் ரிப்பேர்காரனும் அதே கேஸ். எப்போது போன் போட்டாலும் “இதோ வந்துட்டேன் மேடம்.” இந்த ஊரில் வந்துட்டேன் என்றால் இன்னும் சட்டை மாட்டவில்லை என்று அர்த்தம். இந்த ஜனங்களுக்கு ஃபியூச்சர் டென்ஸ் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

இன்ஸ்டிடியூட் வாசலில் புது போர்டு. “மூன்றே நாளில் முக்காலமும்!” ஆச்சரியக்குறி வேறு. எல்லாம் டைரக்டரின் மூளை. டைரக்டர் என்றால் சினிமா இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக் கடைக்கு மேல் இரண்டு ரூம், அதற்கு இவர் டைரக்டர். இனிமேல் டைர. என்றே எழுதுகிறேன், அவருக்கு அது போதும். போர்டைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் ஜாதகக் கட்டோடு மாடியேறி வந்துவிட்டார். டைர. அவரையும் விடவில்லை. வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் உண்டா என்று கேட்டு நோட்டீஸ் கொடுத்து அனுப்பினார்.

இன்றைய விக்கெட்:
சுரேஷ், மெடிக்கல் ரெப், இந்த வெயிலில் டை: “யெஸ்டர்டே ஐ வில் கோ டு கரூர்.”
நர்ஸ் பெண்: “ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.”
டைர.: “ஐ டிட் டோல்ட் யூ, நோ?”

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் “இன்னிக்கு எத்தனை விக்கெட்?” என்று கேட்பது இவர் வழக்கம். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் நான் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து. சொன்னேன். டைர. முறை வந்தபோது இவருக்குப் புரை ஏறி, தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக்கு டி.வி. வேண்டாம்.

மார்ச் 10, செவ்வாய்

மோட்டார்காரன் வரவில்லை. வாளியில் பிடித்த தண்ணீரில் குளியல்.

புது அட்மிஷன். தனலட்சுமி, முப்பது வயது இருக்கும். சொந்த ஊர் வையம்பட்டி, இப்போது திருவானைக்காவல். புருஷன் ஏசி மெக்கானிக். கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய ஸ்கூலில் பெண்ணுக்கு எல்.கே.ஜி. சீட் வேண்டும். சனிக்கிழமை இன்டர்வியூ. குழந்தைக்கு இல்லை, அப்பா அம்மாவுக்கு. இன்டர்வியூ என்று சொல்லக்கூடாதாம், இன்டராக்‌ஷன் என்று சொல்ல வேண்டுமாம். நாலு வயசுக் குழந்தை ஏ ஃபார் ஆப்பிள் படிக்க அம்மாவுக்கு ஃபியூச்சர் டென்ஸ் தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஸ்கூல்தான், போ.

அவள் உட்கார்ந்த தோரணையே கூண்டில் ஏற்றிய மாதிரி. போன வருஷம் வேறொரு ஸ்கூலில் இவள் என்ன செய்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டார்களாம். புரியவில்லை. பேசாமல் நின்றாளாம். சீட் போயிற்று.

“என்னாலதான் போச்சுன்னு அவங்க வீட்டுல இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க மேடம். இந்த வாட்டியும் போச்சுன்னா என் பொண்ணே சொல்லுவா.”

புருஷன் வருவாராம், ஆனால் வாயைத் திறக்க மாட்டாராம். நல்லது, ஒருத்தரோடு போகும்.

டைர. உடனே தன் பேக்கேஜை எடுத்தார். அவர்கள் என்ன கேட்பார்கள் என்று ஒரு வரிசை, அதே வரிசையில் பதில், அப்படியே மனப்பாடம். இந்த ஊரில் வேலை இன்டர்வியூ, விசா இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். முதல் வரி: “மைசெல்ஃப் தனலட்சுமி. ஐ ஆம் ஹேவிங் ஒன் டாட்டர்.” மனப்பாடம் இங்கிலீஷ் ஆகாது என்றேன். “சனிக்கிழமைக்குள்ள நீங்க டென்ஸ் நடத்தி முடிச்சிடுவீங்களா மேடம்?” என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் கேட்ட ஒரே நியாயமான கேள்வி. அதற்காகவே எரிச்சல்.

சரி, மனப்பாடமே ஆகட்டும், ஆனால் அந்தக் குப்பையை என் கையால் கொடுக்க முடியாது. நானே உட்கார்ந்து எழுதினேன். எங்கே படித்தாள், எப்போது கல்யாணம், இப்போது என்ன செய்கிறாள், குழந்தைக்கு இனி என்ன செய்வாள். பாஸ்ட், பிரசென்ட், ஃபியூச்சர், அதனதன் இடத்தில். “ஐ காட் மேரிட் சிக்ஸ் இயர்ஸ் அகோ. ஐ ஆம் எ ஹோம்மேக்கர். ஐ வில் ஹெல்ப் மை டாட்டர் வித் ஹெர் ஹோம்வொர்க்.” ஒரு பிசிறு கிடையாது. டைர. படித்துவிட்டு, ஹேவிங் எங்கே காணோம் என்றார்.

மார்ச் 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி.

தனலட்சுமி (இனிமேல் த.) ஒழுங்காகப் படிக்கிறாள். சமைக்கும்போது, துணி துவைக்கும்போது, ராத்திரி குழந்தையைத் தூங்கவைக்கும்போதுகூடச் சத்தம் போட்டுச் சொல்கிறாளாம். மேல் போர்ஷன்காரி, “இங்க இங்கிலீஷ்ல யாரு சண்டை போடுறது?” என்று இறங்கி வந்து கேட்டாளாம். இன்று தட்டாமல் சொன்னாள். ஆனால் வரிசை மாற்றிக் கேட்டால் போச்சு. “வாட் டஸ் யுவர் ஹஸ்பண்ட் டூ?” என்று நடுவிலிருந்து கேட்டேன். முதலில் இருந்து ஆரம்பித்து, பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் தாண்டி, புருஷனிடம் வந்து மூச்சு வாங்கி நின்றாள். காவிரிப் பாலம் மாதிரி, நடுவில் ஏற முடியாது. ராத்திரி இவருக்கு நல்ல வேட்டை.

குழந்தையை விட்டுவர ஆளில்லை என்று அழைத்து வந்திருந்தாள். பெயர் யாழினி. இரட்டைச் சடை. தொந்தரவு கிடையாது, பெஞ்சுக்கு அடியில் பிஸ்கட்டோடு உட்கார்ந்துவிட்டது. பூராவும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு பிஸ்கட்டை எவ்வளவு நேரம்தான் மெல்லும் என்று நினைத்தேன்.

சுரேஷ்: “டுமாரோ ஐ வென்ட் டு சென்னை.” போய் வந்துவிட்டானாம் நாளைக்கு.

வாங்க வேண்டியது: பெருங்காயம், துணி சோப், இவருக்கு பி.பி. மாத்திரை.

மார்ச் 14, சனி

இன்று அந்த இன்டராக்‌ஷன். காலையிலிருந்து ஒரு நிலையில் இல்லை. எனக்கு என்ன வந்தது? யார் வீட்டுப் பெண்ணோ, எந்த ஸ்கூலோ. குழம்பில் உப்புப் போட மறந்தேன். இவர் சொல்லித்தான் தெரிந்தது.

சாயங்காலம் டைர. போன். சிரிப்பில் பேச்சே வரவில்லை. த.வின் புருஷன் போன் பண்ணினாராம். சீட் கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிக் கிடைத்தது?

இவர்கள் மூன்று பேரும் உள்ளே போயிருக்கிறார்கள். த. முதல் வரியை ஆரம்பிக்க வாயைத் திறக்கிறாள். பிரின்சிபால் அம்மாள் அவளை விட்டுவிட்டு, குழந்தையைப் பார்த்து, “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப், பேபி” என்கிறாள். குழந்தை எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறது. கடகடவென்று. வையம்பட்டியில் ஸ்கூல் முடித்தேன். ஆறு வருஷத்துக்கு முன் கல்யாணம் ஆயிற்று. நான் ஹோம்மேக்கர். என் பெண்ணுக்கு ஹோம்வொர்க்கில் உதவி செய்வேன். அந்தம்மாள் பக்கத்து ரூமிலிருந்து டீச்சர்களைக் கூப்பிட்டு மறுபடி சொல்லவைத்து, ஒரே சிரிப்பாம். அந்த இடத்திலேயே சீட். த.விடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

ராத்திரி இவரிடம் நடித்துக் காட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக் கையைக் கட்டிக்கொண்டு, குழந்தைக் குரலில். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் இதுபோல ஒன்று விழுந்ததில்லை.

மார்ச் 16, திங்கள்

மோட்டார்காரன் வந்தான். பார்த்தான். சாமான் வாங்கிக்கொண்டு “இதோ வந்துட்டேன்” என்று போனான். அவ்வளவுதான்.

எழுத மனசில்லை. எழுதிவிடுகிறேன்.

கிளாஸ் ஆரம்பிக்கும் முன் டைர. அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னார். வழக்கம்போல் சொதப்பினார், எல்லா டென்ஸையும் போட்டுக் குழப்பி. பொறுக்க முடியவில்லை. நான் சொல்கிறேன் என்று எழுந்தேன். அதே கைக்கட்டு, அதே குரல். “ஐ காட் மேரிட் சிக்ஸ் இயர்ஸ் அகோ.” கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. சுரேஷ் டையைத் தளர்த்திக்கொண்டான்.

திரும்பினால் வாசலில் த. கையில் லட்டு டப்பா. இன்னொரு கையில் குழந்தை.

குழந்தைக்கு என்னைப் பார்த்து ஒரே சந்தோஷம். தன் பாடம் எனக்கும் தெரிந்திருக்கிறதே என்று. நான் விட்ட இடத்திலிருந்து அதுவாக எடுத்துச் சொன்னது: “ஐ ஆம் எ ஹோம்மேக்கர். ஐ வில் ஹெல்ப் மை டாட்டர் வித் ஹெர் ஹோம்வொர்க்.” மறுபடி சிரிப்பு, முன்னைவிட அதிகம். த.வும் சிரித்தாள். லட்டு கொடுத்தாள். எனக்கு இரண்டு. “எல்லாம் உங்களாலதான் மேடம்” என்றாள். கிண்டல் இல்லை, அவளுக்கு அது வராது. அப்படியே குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லட்டை ஹேண்ட்பேக்கில் போட்டேன். சாப்பிடவில்லை. பஸ்ஸில் பார்த்தால் பையெல்லாம் எறும்பு.

மார்ச் 17, செவ்வாய்

த. வரவில்லை. ஏன் வரப்போகிறாள்? வந்த வேலை முடிந்தது. டைர. அவள் பெயரை ‘வெற்றி பெற்றவர்கள்’ போர்டில் எழுதச் சொன்னார். ஸ்பெல்லிங் தப்பாக எழுதியிருந்தார்கள். திருத்தவில்லை.

மார்ச் 18, புதன்

வந்தாள். மாடிப்படியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள், செருப்புக் கடை வாசல் புழுக்கத்தில். முதல்தடவையாக முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது குழந்தை கேட்டதாம்: “நான் சரியாத்தானே சொன்னேன்? ஏம்மா எல்லாரும் சிரிச்சீங்க?” ஸ்கூலில் சிரித்தபோது அது கேட்கவில்லையாம், வேற்று மனுஷர்கள் என்று. இங்கே மேடமும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். அதனால்தான் கேட்டதாம்.

அது சரியாகத்தானே சொன்னது? நான் எழுதிய வரிகள். ஒரு டென்ஸ்கூடத் தப்பில்லை. இத்தனை வருஷமாக நான் தப்புக்குத்தான் சிரிக்கிறேன், இவர்கள் தப்பாகப் பேசினால் நான் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. படியில் நின்றுகொண்டு கைப்பிடிச் சுவரைச் சுரண்டினேன்.

நல்லவேளை, அவள் மன்னிப்பு கேட்கவைக்க வரவில்லை. வந்த விஷயம் வேறு.

“அவ அங்க படிக்கப் போறா மேடம். ரெண்டு வருஷம் போனா நான் பேசுறதக் கேட்டு அவளே சிரிப்பா. அதுக்குள்ள நான் கத்துக்கணும். மனப்பாடம் வேணாம். நானாப் பேசணும். தப்பா சொன்னா நீங்க சிரிச்சுக்கங்க, பரவாயில்ல. ஆனா என்ன தப்புன்னு சொல்லிட்டு சிரிங்க.”

மேலே அழைத்துப் போனேன். டைர. புது பேக்கேஜ் என்று வாயெடுத்தார், முறைத்தேன், உட்கார்ந்தார். நேற்று நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லு என்றேன். ரொம்ப யோசித்தாள். வியர்த்தது. பிறகு: “யெஸ்டர்டே மை டாட்டர் இஸ் ஸ்லீப்பிங் இன் பஸ். ஐ ஆம் கேரி ஹெர்.”

அவளே செய்த முதல் வாக்கியம். சுத்தமாகத் தப்பு. பின்னால் சுரேஷ் க்ளுக் என்றான். நாளைக்கு சென்னைக்குப் போய் வந்தவன். அவன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், புத்தகத்துக்குள் போய்விட்டான். என்ன தப்பு என்று சொன்னேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் தப்பு, ஆனால் வேறு தப்பு. மூன்றாவது தடவை வந்தது.

சிரிப்பு வரவில்லை எனக்கு. வருமா என்று உள்ளே தேடிக்கூடப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர். மோட்டார்காரன் நிஜமாகவே வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

இவர் தட்டு முன் உட்கார்ந்தார். நாளைக்கு இவருடைய ஆபீஸ் சிநேகிதர் வருகிறாராம், அந்தக் குழந்தை ஐட்டத்தை அவருக்கும் நடித்துக் காட்ட வேண்டுமாம். “நீ பண்ணாத்தான் நன்னா இருக்கு” என்றார். நான் குழம்பை ஊற்றினேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே, “சரி, இன்னிக்கு எத்தனை விக்கெட்?” என்றார்.

“ஒண்ணு. நான்தான் அவுட்.”

சிரித்தார். தோளெல்லாம் குலுங்க, ரொம்ப நேரம். நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரசம் எடுக்கப் போனேன்.