அம்மாவின் நடை, இருபத்து நான்கு தாள்களில்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். பதறாமல் படியுங்கள்.

முதலில் படிப்பு. போன வருடம் ஓவிய ஆசிரியர், "உன் மனுஷங்க எல்லாம் துணிக்கடை பொம்மை மாதிரி நிக்கிறாங்க" என்று என் நோட்டை மூடி வைத்ததை எழுதியிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. வடிவமைப்பு வகுப்பிலும் தேறிவிட்டேன். ஓர் உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும், அதுதான் அங்கே பாடம். நான் உங்களை வரைந்தேன். தொப்பையையும் குட்டைக் கழுத்தையும் பார்த்து வகுப்பே சிரித்தது. மன்னித்துவிடுங்கள்.

அனிமேஷன் வகுப்பில் இந்த முறை நடை. ஓர் ஆள் இரண்டு எட்டு வைப்பதை இருபத்து நான்கு தாள்களில் வரைய வேண்டும். நான் அம்மாவை எடுத்துக்கொண்டேன். தையல் மிஷினிலிருந்து வாசல் கதவு வரை அவளைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டேன். கல்லூரியில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாள்மேல் தாள் வைத்து வரைந்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

ஆசிரியர் தாள்களைச் சடசடவென்று புரட்டினார். அம்மா நடந்தாள். மறுபடியும் புரட்டினார். "இடது கை நல்லா வீசுது. வலது கை ஏன் உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு? வலது காலும் தரையைத் தேய்க்குதே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "எங்க அம்மா அப்படித்தான் சார் நடப்பாங்க. பார்த்துதான் வரைஞ்சேன்" என்றேன். அவர் தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தார். சாப்பாட்டு வேளையில் தனியாகக் கூப்பிட்டு, "எவ்வளவு நாளா இப்படி நடக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், கல்லூரியில் சேர்ந்த புதிதில் வரைந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் கோணல்மாணல்தான். ஆனால் அவற்றில் அம்மாவின் இரண்டு கைகளும் வீசுகின்றன. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை அப்பா.

அம்மா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். "தைச்சுத் தைச்சுத் தோள் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். பட்டன் துளை தைக்க வராமல் சில மாதங்களாக அந்த வேலையை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து வாங்குகிறாள் என்பதே பிறகுதான் தெரிந்தது. இழுத்துக்கொண்டு போனேன். நரம்பு டாக்டர் அவளைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். ஒரே வாக்கியத்தை ஐந்து முறை எழுதச் சொன்னார். எழுத்து வரிக்கு வரி சிறுத்து, கடைசி வரியைப் படிக்கவே முடியவில்லை. பார்க்கின்சன் என்றார். மாத்திரையில் கட்டுப்படும், ஆனால் முழுக்கக் குணமாகாது என்றார். வெளியே வந்ததும் அம்மா, "நல்லாத்தான்டி இருந்தேன். நீ படம் வரைஞ்சு என்னை நோயாளி ஆக்கிட்ட" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்த நடைக்குத்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். திரையில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா வலது காலைத் தேய்த்துக்கொண்டு திரையில் நடந்துகொண்டே இருந்தாள். யாரிடமாவது நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அடுத்த பாடம் முகபாவம். போகப் போகச் சிலருக்கு முகமும் அசைவை இழந்துவிடும், மனசுக்குள் சிரித்தாலும் வெளியே தெரியாது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அம்மாவுக்கு இது தெரியாது. தினமும் அவளைச் சிரிக்க வைத்து வரைகிறேன். உங்கள் குறட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். எதற்கு இத்தனை படம் என்று கேட்கிறாள். வீட்டுப்பாடம் என்கிறேன். இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "இன்னும் ஏழு மாசந்தானே, மனுஷன் அதுவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்கிறாள். நான் சத்தியத்தை மீறிவிட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

ஏழு மாதம் வேண்டாம் அப்பா. எப்படியாவது லீவு கேளுங்கள். கதவைத் திறந்ததும் அவள் கையைப் பார்க்காதீர்கள். ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வையுங்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எத்தனை வரைந்தாலும் அது நீங்கள் பார்த்ததாக ஆகாது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வைத்த பெயரிலேயே,
உங்கள் கிறுக்கி