புல்வெளியில் உன் குரல்

என் கோபக்காரிக்கு,

காட்டைத் தாண்டிப் புல்வெளிக்கு, பறவை பார்க்க வந்த விருந்தாளிகளை வண்டியில் கூட்டிப்போயிருந்தேன். பனியில் புல்லும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. போனில் இருக்கும் பெண்பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டால் ஆண்பறவை தேடி வரும். எங்கள் பிழைப்பே இந்த ஏமாற்றுதான். இன்று நான் அரைத் தூக்கத்தில், அதற்குப் பதிலாக நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் தட்டிவிட்டேன்.

"இப்பவும் லீவு கிடைக்கலைன்னா அங்கேயே கூடு கட்டிக்கிட்டு இருங்க. பாப்பா உங்க போட்டோவக் காட்டி யாருன்னு கேக்குறா!"

உன் குரல் பனிக்குள் மிதந்து போனது. நம் மொழி தெரியாத ஒருவர் நிஜமாகவே பைனாகுலரைத் தூக்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன்.

பறவை ஜோடி சேர்வதைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிறார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கும் குடும்பம் உண்டென்று இங்கே எவனுக்கும் தோன்றாது.

திரும்பியதும் மேனேஜரிடம் லீவு கேட்டேன்.

"சீசன் முடியட்டும்டா."

"அதுக்குள்ள எம்பொண்ணு வளந்துடுவா சார்."

"அப்ப வேலைய விட்டுட்டுப் போ!"

வண்டிச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

வந்ததும் பாப்பாவை என் கையில் கொடுத்துவிடாதே. நான் ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அவளாகவே கிட்டே வரட்டும்.

உன் வீட்டுக்காரன்