புறா இருந்த கூண்டு

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: அந்தக் கூண்டில் புறாக்கள் இருந்தன.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்தவர் லாரிப் பட்டறையில் என் மேசைக்கு முன்னால் நின்றுதான் விசாரித்தார். போன வியாழன் பட்டறைத் தொழிலாளி நவ்வாஃப் லாரிச் சக்கரத்துக்குக் காற்றடித்தபோது இரும்பு வளையம் தெறித்தது. அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. சக்கரத்தை அதற்கான பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்து அடித்திருந்தால் கம்பிகள் தடுத்திருக்கும்.

"கூண்டு இருக்குங்க. இவன்தான் சோம்பேறித்தனமா வெளிய வச்சு அடிச்சான்" என்றார் பட்டறை முதலாளி ஹாஜி தைசீர். கழுவி, புதிதாக மஞ்சள் பூசியிருந்த கூண்டைக் காட்டினார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் லாரிச் சாவிகளை அடுக்கினேன்.

அக்டோபர் 8

இரண்டு வருடமாக அது ஹாஜியின் புறாக்கூண்டு. மாலையில் பறக்கவிட்டு, அடுத்தவர் புறாவையும் சேர்த்து இறக்குவார். நவ்வாஃப் சீண்டுவார்: "ஹாஜி, புறா வளக்கிறவன் அடுத்தவன் புறாவத் திருடுவான்னு அவன் சாட்சி கோர்ட்டுல செல்லாதாமே?"

"உன் சாட்சிய யாருடா கேட்டா? போய்க் காத்தடி."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அக்டோபர் 12

இரவில் புத்தகம் படிக்க முடியவில்லை. நான்கு நாளாக ஒரே பக்கம்.

அக்டோபர் 16, வியாழன்

நவ்வாஃபின் மனைவி உம்மு யசன் வந்தார். உட்காரவில்லை.

"அவரு கவனக்குறைவுன்னு எழுதிட்டா மாசாமாசம் பணம் ஒண்ணும் வராதாம். நீ தெனம் இங்கதானம்மா இருக்க. நீ பாக்கலையா?"

ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். இந்த மஆன் ஊரில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள் — இதுதான் அப்போது மனதில் ஓடியது. சீ, என்ன மனுஷி நான்?

அக்டோபர் 26, ஞாயிறு

காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். ஏப்ரலில் நானே எடுத்த படம் போனில் இருந்தது: கூண்டுக்குள் குஞ்சுகளோடு ஒரு புறா.

அன்று விசாரிக்க வந்தவர் அதை வெகுநேரம் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

ஆமாம்.

அக்டோபர் 28

ஹாஜி கத்தவில்லை. "வீட்டுக்குப் போ மகளே" என்றார். பையை எடுத்துக்கொண்டு பட்டறையின் நீளம் முழுக்க நடந்தேன். லாரிகளுக்கு அடியிலிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை.

டிசம்பர் 4

பணியிடக் காயம் என்று முடிவாகிவிட்டது. நவ்வாஃபுக்கு இனி மாதாமாதம் பணம் வரும்.

இனிப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உம்மு யசன் தேநீர் தந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"தூங்குறாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தேநீரைக் குடித்து முடித்தேன். உள்ளே அவர் டிவி சேனலை மாற்றிக்கொண்டே இருப்பது கேட்டது.