பிள்ளைக்கு அரைப் பங்கு

பாசமுள்ள பேச்சி,

நீ போய் ஐந்து வருஷமாகிறது. வில்லாபுரத்தில் நம் ஐந்து வீட்டு வளவுக்குள் இப்போது வீட்டுக்கொரு குழாய். உன்னிடம் இதைச் சொல்லவே கூசுகிறது.

எண்பத்து மூன்றாம் வருஷ வறட்சியில் ஐந்து வீட்டுக்கும் ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்று பிடித்தோம். ஆள் கூடிய வீடுகள் சண்டைக்கு வந்தன. "புருஷன் இல்லாதவ, ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கா, அவளுக்கு எதுக்கு இம்புட்டு?" என்றாள் கடைசி வீட்டு மதினி. நீ இட்லி அவித்து விற்றுப் பிழைப்பவள் என்று தெரிந்தும்தான்.

"டீச்சர் கணக்குப் போடட்டும்" என்றார்கள். பெருமையோடு உட்கார்ந்தேன். பெரியவர்களுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு அரை, மொத்தம் பதினெட்டு. உனக்கு ஒன்றரை. பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஐந்து நிமிஷம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர், பிள்ளை ஒன்று; நாலரை, கால் மணி நேரம். பிள்ளைக்கு அரை என்று வைத்தது நான்தான். முழுசாக வைத்திருந்தால் எங்கள் பங்கு குறைந்திருக்கும்.

"டீச்சரக்கா, பிள்ளைக்குத் தாகமும் பாதிதான் எடுக்குமா?" என்று கேட்டாய்.

"கணக்குன்னா கணக்குதான் பேச்சி" என்றேன்.

மறுநாள் ஐந்து நிமிஷம் முடிந்ததும், பாதி நிறைந்த உன் இரண்டாவது குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்தேன். நீ மூன்று வயது மகளை என் வாசலில் உட்காரவைத்தாய். "செத்தப் பாத்துக்கங்கக்கா, கண்மாய்க்கரைக் கிணத்துக்குப் போய்ட்டு வாரேன்" என்றாய். கிணற்றுப் படி வழுக்கியது. மத்தியானம்தான் உன்னைத் தூக்கினார்கள்.

நீ போன எட்டாம் நாள் உன் ஐந்து நிமிஷத்தையும் பிரித்துத் தரச் சொன்னார்கள். பதினாறரையால் வகுத்துக் கொடுத்தேன். ஒரு தப்பும் வரவில்லை, பேச்சி. எப்படி வராமல் போனது?

உன் மகள் உன் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். மூன்றாம் வகுப்பு; என் வகுப்பு. நேற்று பின்னக் கணக்கில் தப்பு விட்டாள். பிரம்பால் அடித்தேன். நீட்டிய கையை மடக்காமலே கேட்டாள்: "எங்கம்மாவ உங்களுக்குத் தெரியுமாமே டீச்சர், அவுக நல்லாக் கணக்குப் போடுவாகளா?"

"போடுவா" என்றேன். 

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வயசுப் பிள்ளையிடம் இதைச் சொல்வதும் கொடுமைதான். ஆனால் அவள் என்னை மரியாதையாக டீச்சர் என்று கூப்பிடுவதை இனி என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவள் வெறுக்கட்டும். சொல்கிறேன்.

உன் கூடப்பிறக்காத அக்கா