எலிகளை எடுத்துவிட்டேன்

இன்று காலை எங்கள் குடியிருப்பின் படிக்கட்டை யாரோ பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்து வைத்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம் ஒன்றில், புற்றுநோயை ஒரே ஊசியில் ஒழிக்கும் மருந்து என்று ஒரு செய்தி. அந்த வாசனையும் அந்தத் தலைப்பும் ஒன்றாக வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. நாளிதழை மடித்து வைத்துவிட்டு உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த நாளில் நான் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. நீங்கள் அலுவலகம் பெருக்கித் துடைக்கிற பெண், நான் வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது 'நீ' என்று எழுதக் கை வரவில்லை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது நம் அலுவலகம். நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தபாலில் வரும் ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து வாரம் அரைப்பக்கம் விஞ்ஞானச் செய்தி எழுதுவது. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. அடையாற்றங்கரையிலிருந்து நடந்து வந்து, வாளியை இறக்கி வைத்ததும் கேட்பீர்கள்: "இன்னா சார், இந்த வாரம் இன்னா புளுகு?" நான் உரக்கப் படித்துக் காட்டுவேன்.

ஒருவருடைய இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார்கள் என்று படித்த அன்று, துடைப்பத்தை நிறுத்திவிட்டு யோசித்தீர்கள். "அப்ப அவன் தன் பொண்டாட்டிய நெனப்பானா, செத்தவன் பொண்டாட்டிய நெனப்பானா?" அலுவலகமே சிரித்தது. மனிதன் நிலவில் இறங்கிய வாரம் நான் மூன்று பக்கம் எழுதினேன். கேட்டு முடித்துவிட்டு, "அம்மாந்தூரம் போனவனுக்கு எங்க குப்பத்துக்கு வர வழி தெரியல பாரு. தண்ணி கொயா போட ஆளு வராங்கன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கினு கீறாங்க" என்றீர்கள். கணக்குப் போடும் யந்திரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அது தப்பா போட்டுச்சின்னா யார திட்டறது?"

இதையெல்லாம் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பேன். உங்களை எப்படியாவது ஒரு செய்தியையாவது நம்ப வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதமே இருந்தது.

எழுபத்து மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. வெயில் காலம். புற்றுநோய்க் கட்டியை அறுக்காமலே கரைக்கும் ஊசியை வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பதாக ஒரு செய்தி எழுதினேன். ஆங்கிலத்தில், அந்த ஊசி எலிகளுக்குப் போடப்பட்டது என்று தெளிவாக இருந்தது. நானும் அப்படித்தான் எழுதினேன். அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு வரி அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். நான் எலிகளை எடுத்துவிட்டேன். செய்தி கச்சிதமாக உட்கார்ந்தது. எலிகள் இல்லாமல் அது இன்னும் எடுப்பாக இருந்தது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வழக்கம்போல உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் கேலி பேசவில்லை. ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு வாயில புண்ணு சார். கன்னத்து உள்பக்கம். ஆறவே மாட்டேங்குது. பெரிய ஆஸ்பத்திரில தாடையோட சேத்து வெட்டி எடுக்கணும்ங்கிறாங்க. அத்த கேட்டதுலேருந்து மனுசன் ரிக்சாவ தொடல. மூலையில குந்திக்கினு கீறாரு."

உங்கள் கணவர் தியாகராய நகரில் ஜவுளிக் கடைகளுக்கு முன்னால் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நீங்கள் தொடர்ந்தீர்கள்.

"இத்தினி வருசமா நீ படிச்சது எதையும் நான் நம்பல. இது மட்டும் நெஜமா சார்? பாத்து சொல்லு."

அந்த ஆங்கிலப் பத்திரிகை என் முழங்கைக்கு அடியிலேயே கிடந்தது. 'எலிகளுக்குத்தான் போட்டார்கள்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களோ முதல்முறையாக என்னை நம்பத் தயாராக நின்றீர்கள். இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நெஜந்தான்" என்றேன். "ஆனா இங்க வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"எத்தினி நாளு?"

"ஆறு மாசத்துல வந்துடும்."

அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நீங்கள் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டீர்கள்.

உங்கள் கணவர் அறுவைக்குப் போகவில்லை. ஊசி வரட்டும் என்று இருந்துவிட்டார். நீங்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும், பெருக்கத் தொடங்குவதற்கு முன்னால், "வந்துச்சா சார்?" என்று கேட்பீர்கள். "இன்னும் இல்லை" என்பேன். அந்தத் திங்கட்கிழமைகளில் எந்த ஒன்றிலும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அது முந்தைய வாரத்தைவிடக் கடினமாகிக்கொண்டே போனது. நடுவில் ஒருநாள், "கன்னம் வீங்கிக்கினு கீது, கஞ்சிதான் எறங்குது" என்றீர்கள். "டாக்டர்கிட்ட காட்டும்மா" என்று மட்டும் சொன்னேன். ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஒரு வாரம் நீங்கள் வரவில்லை. திரும்பி வந்த அன்று வாளியை இறக்காமல் நேரே என்னிடம் வந்தீர்கள்.

"ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனேன் சார். இனிமே வெட்டவும் முடியாதாம். உன் பேப்பர காட்டினேன். அந்த டாக்டரு இங்கிலீசுலயே அத்த படிச்சிருக்காரு. எலிக்குப் போட்ட ஊசியாம் அது. நீ எலின்னு எழுதலியாமே?"

"எடம் பத்தலைம்மா" என்றேன்.

வேறு எதையும் சொல்லியிருக்கலாம். அதுதான் வந்தது.

"எடம் பத்தலியா" என்று நீங்களும் ஒருமுறை சொன்னீர்கள். கோபம் இல்லை. சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று பார்ப்பது போல இருந்தது அந்தக் குரல். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனீர்கள்.

பொங்கலுக்கு முன்னால் உங்கள் கணவர் போய்விட்டார். சாவுக்கு நான் வரவில்லை. அந்த வாரம் மூன்று வரியில் ஒரு திருத்தம் எழுதி ஆசிரியரிடம் நீட்டினேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். "ஏன்யா, ஒரு திருத்தம் போட்டா நாம எப்பவும் தப்பாவே எழுதிண்டிருக்கோம்னு ஆயிடாதா? யார் இதெல்லாம் ஞாபகம் வெச்சுண்டிருக்கப் போறா?" நான் வாதாடவில்லை. அடுத்த வாரமும் அரைப்பக்கம் எழுதினேன். அதற்கடுத்த வாரமும் எழுதினேன்.

நீங்கள் வேலையை விடவில்லை. ஆனால் என்ன செய்தி என்று பிறகு கேட்டதே இல்லை. ஒருமுறை, ஊருக்கு டெலிவிஷன் வந்த புதிதில், நானாக எதையோ உரக்கப் படிக்கத் தொடங்கினேன். நீங்கள் ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து உங்களையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நீங்கள் வேலையிலிருந்து நின்றுவிட்டீர்கள். வேறொரு பெண் வந்தார். அவர் எதுவும் கேட்கிறவர் இல்லை.

எழுபத்தொன்பதில் ஒருநாள் உங்களைத் தேடி வந்தேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் பஸ் ஏறினேன். வானத்திலிருந்து அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பயந்துகிடந்த நேரம் அது. உங்கள் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, அவர்களிடம் சொன்னீர்கள்: "தோ, சார் பத்திரிகையில கீறாரு. இவர கேளுங்க."

ஒரு பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள். "நம்ப மேல வுழுமா சார்?"

இங்கே விழ வாய்ப்பில்லை, பயப்பட வேண்டாம் என்று அந்த வாரம்தான் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அப்படியே ஒப்பித்திருக்கலாம். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அந்தப் பெண்களுக்கு ஏமாற்றம். நீங்கள் மட்டும் லேசாகச் சிரித்தீர்கள். "தெரியாதுன்னு சொல்ல இத்தினி வருசமா சார்?"

அதற்குப் பிறகு மன்னிப்பு என்று வாயைத் திறக்க முடியவில்லை. உங்கள் மகள் போட்டு, நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்தச் சிரிப்பை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்த மாதமே அரைப்பக்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிழை திருத்தும் மேசைக்கு மாறிக்கொண்டேன்.

நீங்கள் போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உங்கள் மகள். "அம்மா போய் ரெண்டு மாசமாவுது சார்" என்றாள். வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். "வேற கலர் காட்டட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

உங்களிடமிருந்து நான் தூக்கிக்கொண்டு திரிவது என்ன என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. தாத்தாவுக்குக் காது மந்தம் என்று நினைக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கணவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் பெயரை உங்களிடம் கேட்டதுமில்லை. அன்று கடையில் உங்கள் மகளிடமாவது கேட்டிருக்கலாம். கேட்காமல், ஒரு நீலப் புடவையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.